நான் எண்ணாமல் விட்ட இரண்டு இறக்கைகள்

ஒரகடம் ரோட்டில் கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பூச்சிமருந்து அடிப்பது என் பிழைப்பு. கேட்டில் செக்யூரிட்டி என் பையைச் சோதித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "பூச்சி வந்துகினு கீது, எல்லாம் ஓரமா ஒதுங்கு!" கொல்ல வருகிறவனுக்கே அந்தப் பேர். எனக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. அந்தப் பெருமைதான் பின்னால் ஒரு குடும்பத்தின் தலையில் போய் விழுந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மருந்து அடிப்பது பாதி வேலைதான். மீதி எண்ணுவது. ஒவ்வொரு கம்பெனி கேன்டீனிலும் சுவரில் நீல லைட் பெட்டி மாட்டியிருக்கும். உள்ளே பசை தடவிய போர்டு. வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு சாகும். வாரம் ஒருமுறை போர்டை எடுத்து, எது எத்தனை என்று எண்ணி ஃபாரத்தில் நிரப்ப வேண்டும். ஈ, கொசு, அந்து, வண்டு என்று நாலு கட்டம். ஐந்தாவதாக ஒரு கட்டம்: மற்றவை. இன்னது என்று தெரியாததெல்லாம் அதில் போகும். அந்தக் கட்டத்தை யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

ஐடிஐயில் நான் படித்தது ஃபிட்டர். பூச்சியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வாட்ச் ரிப்பேர் கடையை மூடிக்கொண்டு போனவரிடம், கண்ணில் இடுக்கிக்கொள்கிற அந்தக் கண்ணாடியை வாங்கி வைத்திருந்தேன். அதில் முதல்முதலாகப் பார்த்தது ஒரு செத்த ஈ. அதன் கண் ஒரு கண் இல்லை, தேன்கூடு மாதிரி அறை அறையாக ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தது. அன்று மத்தியானம் சாப்பிட மறந்துபோனேன். அப்புறம் பழைய புத்தகக் கடையில் கிழிந்த விலங்கியல் பாடப்புத்தகம், போனில் வீடியோ, அப்படியே தொற்றிக்கொண்டது. கற்றுக்கொண்டதை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் நான். எந்த கேன்டீனுக்குப் போனாலும் ஏணியில் நின்றுகொண்டே கச்சேரி ஆரம்பித்துவிடுவேன்.

"பூச்சின்னா மூணு துண்டு. தலை, மார்பு, வயிறு. தலையில கண்ணும் வாயும் ரெண்டு உணர்கொம்பும். ஆறு காலு, றெக்கை எல்லாம் மார்புலதான். வயித்துல தின்னதும் முட்டையும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் கேட்டான்: "அப்போ தலை ஆபீஸு, மார்பு லைனு, வயிறு கேன்டீனா ண்ணா?"

"அப்படித்தான்."

"பாத்துக்க, ஆறு காலும் லைன்லதான் கீது. ஆபீஸுக்கு ஒரு காலு கூட இல்ல." மேஜையே சிரித்தது.

நான் சொல்லப்போகும் கேன்டீன் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியினுடையது. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே எனக்கு முறை. கேன்டீனை ஒரு கான்ட்ராக்டர் நடத்தினார். மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு அக்கா இருந்தார். ஊர் பிள்ளைப்பாக்கம். ஐம்பதை நெருங்கும் வயசு, சுருக்கங்களுக்குள்ளேயே சிரிப்பு வைத்திருக்கிற முகம். என் கச்சேரிக்கு நிரந்தர ரசிகை அவர்தான். தட்டை வழித்துப் போட்டுக்கொண்டே கேள்வி கேட்பார்.

பூச்சிக்கு மூக்கு கிடையாது, உடம்பின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை இருக்கும், அது வழியாகத்தான் மூச்சு என்று ஒருநாள் சொன்னேன். ரத்தமும் நம்மைப் போலக் குழாயில் ஓடாது, உள்ளே சும்மா அளைந்துகொண்டு கிடக்கும் என்றேன். அக்காவின் கை நின்றுவிட்டது.

"கொழாயே இல்லியா? குடுத்து வெச்ச பொறப்பு. எங்க வூட்டுக்காரருக்கு அந்த ஒடம்ப குடுத்திருக்கலாம் கடவுளு."

அவர் வீட்டுக்காரர் முன்னே கம்பெனி பஸ் ஓட்டியவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். "அவரும் ஷிப்ட்டுதான் தம்பி. திங்க, புதன், வெள்ளி. ரத்தத்த கழட்டி, தொவச்சி, மறுபடி மாட்டி உடறாங்க" என்பார் அக்கா. அவர் வாயில் அது சிரிப்பாகத்தான் வரும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு கார்டு. கம்பெனித் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் கிடைக்கிற மருத்துவ கார்டு. அக்கா பேரில் அது இருக்கும்வரை மிஷினுக்குக் காசில்லை.

ஆனால் கார்டு சும்மா செல்லாது. ஒவ்வொரு அரை வருஷத்திலும் இத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். குறைந்தால் அடுத்த தவணைக்கு அது வெறும் பிளாஸ்டிக். நடுவில் கான்ட்ராக்டர் மாறியதில் அக்காவுக்கு ஒரு மாசத்துக்கும் மேல் வேலை விட்டுப்போயிருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் அந்த நாள் கணக்கை எட்டிப் பிடித்தாக வேண்டும். ஞாயிறு தவிர ஒரு நாள் லீவு போடவில்லை. காய்ச்சலோடு வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை அவர் வீட்டுப் பூசணிக்கொடி பூத்துப் பூத்து உதிர்கிறது, பிஞ்சே நிற்கவில்லை என்றார். சுற்றிலும் கம்பெனிக்காரர்கள் கொசுவுக்குப் புகை போடுகிறார்கள், அதில் பாதி நானே போடுவது. தேனீ இல்லாமல் பூசணி எப்படிக் காய்க்கும்? ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவுக்குள் தடவிவிடச் சொன்னேன். "தேனீ வேலைய நான் பாக்கணுமா? அதுக்கு இன்னா ஓ.டி. குடுப்ப?" என்றார். ஆனாலும் செய்தார். இரண்டு மாசம் கழித்து ஒரு பூசணிக்காயைக் கேட்டுவரை இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து கொடுத்தார். "உன் பாடத்துக்கு ஃபீஸு."

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் டைனிங் ஹாலில் ஏணிமேல் நின்றிருந்தேன். நடு மேஜையிலிருந்து ஒருவன் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எழுந்தான். "தயிர்சாதத்துல இன்னாது இது? நாங்க மனுசங்களா, இல்ல பல்லியா, பூச்சி துன்ன?" பத்துப் பேர் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் எத்தனை வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனதோ, ஐந்தாவது நிமிஷம் கம்பெனி ஆபீசர் ஒருவர் வந்து நின்றார். கேன்டீன் மேனேஜர் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைத்தான் பார்ப்பார்கள். நான்தானே பூச்சி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டில் எது கிடைத்தாலும் அங்கேயே இடுக்கியால் எடுத்து, ஃபாரத்தின் மேல் வைத்து, செல்லோ டேப்பால் ஒட்டிவிட வேண்டும். அதுதான் சாட்சி. ஒட்டியபிறகு டேப்புக்கு மேலாக லென்ஸ் வைத்து இறக்கையை எண்ணுவோம். இரண்டு என்றால் ஈ வகை. நாலு என்றால் வேறு. பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாலு இறக்கைதான். ஈக்கும் கொசுவுக்கும் மட்டும் பின்னிறக்கை சுருங்கிக் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழாகிவிட்டது. பறக்கும்போது சாயாமல் பிடித்துக்கொள்ள அந்தக் குமிழ்.

ஒட்டினேன். லென்ஸ் வைத்தேன். எள்ளில் பாதிகூட இருக்காது, கறுப்பு, தயிரில் ஊறியிருந்தது. இறக்கை பக்கத்துக்கு ஒன்று தெரிந்தது.

"ஈ" என்றேன். "சின்ன ஜாதி ஈ."

அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பது பேர் சுற்றி நிற்கும்போது என் வாய் நிற்குமா? ஈக்கு ஏன் இரண்டு இறக்கை, குமிழ் எதற்கு, ஒரு நொடிக்கு எத்தனை முறை அடித்துக்கொள்ளும் என்று ஆரம்பித்துவிட்டேன். "இதுலயும் அந்தக் குமிழ் கீது, லென்ஸுல பாத்தா தெரியும்" என்றும் சொன்னேன். நான் அந்தக் குமிழைப் பார்க்கவில்லை. இருக்கும் என்று சொன்னேன்.

மேனேஜர் என் தோளைப் பிடித்தார். "ஈன்னா வெளிய இருந்து வந்தது. அப்படித்தான வே?"

"ஆமா சார்."

"நம்ம சாமான்ல உள்ளது இல்லல்லா?"

"இல்ல சார். ஈ கதவு வழியாத்தான் வரும்."

"அப்போ அதையே எழுதித் தாரும்."

எழுதினேன். ஃபாரத்தில் இரண்டு கட்டம்: உள்ளிருந்து, வெளியிலிருந்து. இரண்டாவதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம்.

வெளியிலிருந்து என்றால் எந்தக் கதவு என்ற கேள்வி வரும். பாத்திரம் கழுவும் இடத்துப் பின்கதவு ஒன்றுதான். எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. அது நாளெல்லாம் ஒரு காலி எண்ணெய் டின் முட்டுக்கொடுத்துத் திறந்துதான் கிடக்கும். உள்ளே கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் பத்து நிமிஷம் நின்றவர்களுக்குக் காரணம் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார் தொறந்து வெச்சேன். ஆவி தாங்கல. இனிமே மூடியே வெச்சிக்கிறேன்."

ஆபீசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அக்காவின் கழுத்தில் தொங்கிய கேட் பாஸைக் காட்டி, கழற்றிக் கொடுக்கச் சொன்னார். "இப்போதைக்குப் போம்மா. பெறகு கூப்பிடுதேன்."

அக்கா முகத்தில் அப்போதுதான் பயம் ஏறியது. "சார், இன்னும் பதினோரு நாளு. பதினோரு நாளு மட்டும் உட்டுடுங்க சார், அப்பால நானே போயிடறேன். கார்டு போயிடும் சார்."

"கூப்பிடுதேன்னு சொல்லுதேன்லா."

பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். தன்மேல் தப்பு இல்லாமலும் இருக்கலாமோ என்று கேட்கத்தான் நின்றார் என்று நினைத்தேன். அப்படி இல்லை. "பூச்சித் தம்பி, நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும். என் கெட்ட நேரம்" என்றார்.

நான் ஏணியை மடக்கினேன். இரண்டு நாளில் கூப்பிட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ரோட்டில் எல்லோரும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் தெர்மாகோல் தட்டு ஒன்றில் பூச்சிகளைக் குண்டூசியில் குத்திச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு. அந்தச் சின்ன ஜாதி ஈ என்னிடம் இல்லாத ஒன்று. என்னிடம் தங்கும் ஃபாரப் பிரதியில் ஒட்டியிருந்த டேப்பை வெட்டி, ஒரு மூடியில் சானிடைசர் ஊற்றி ஊறப்போட்டேன். தயிர் கரைந்தது. பசை விட்டது. ஊசி முனையால் இறக்கையை மெதுவாக நீவினேன். ஒன்று இரண்டாகப் பிரிந்தது. மறுபக்கம் நீவினேன். அதுவும் இரண்டாகப் பிரிந்தது.

நாலு.

சில பூச்சிகளுக்கு முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சின்னச் சின்னக் கொக்கியால் மாட்டியிருக்கும், ரவிக்கைக் கொக்கி மாதிரி; பறக்கும்போது இரண்டும் ஒன்றாக அடிக்கும். அந்தக் கொக்கி என் லென்ஸுக்குத் தெரியாது. ஆனால் மற்றதெல்லாம் தெரிந்தது. குமிழ் இல்லை. உணர்கொம்பு ஈயுடையது போலக் குட்டையாக இல்லாமல் முழங்கை மாதிரி மடிந்திருந்தது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நூலாக ஒரு இடுப்பு. ஈக்கு ஏது இடுப்பு?

குளவி. குளவி என்றால் நாம் கண்டு ஓடுகிற குளவி இல்லை. மனுஷனைக் கொட்டாத, கண்ணுக்கே தெரியாத குளவிகள் எத்தனையோ இருக்கின்றன. நெல்லிலும் காய்கறியிலும் புழு நம்மை விட்டுவைத்திருப்பதே பாதி இவை செய்கிற புண்ணியம்தான். நான் பிடித்தது அரிசிக் கிடங்கில் வாழ்கிற ஜாதி. அரிசி வண்டு இருக்கிறதே, மூக்கு நீண்டது, அது ஒரு மணியைத் துளைத்து உள்ளே ஒரு முட்டை வைத்து மூடிவிடும். புழு அந்த ஒரு மணிக்குள்ளேயே பிறந்து, தின்று, வளரும். வெளியிலிருந்து பார்த்தால் முழு அரிசி. இந்தக் குளவி மணி மணியாகக் கொம்பால் தட்டிக்கொண்டே போய், புழு குடியிருக்கும் மணியைக் கண்டுபிடிக்கும். அரிசியைத் துளைத்து ஊசியை இறக்கிப் புழுவை அசையாமல் பண்ணி, அதன்மேல் தன் முட்டையை வைக்கும். அந்தக் குஞ்சு வண்டுப் புழுவைத் தின்று வளர்ந்து, மணியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்.

வண்டு இல்லாத இடத்தில் இதற்கு வேலை இல்லை. இது கதவு வழியாக வந்த விருந்தாளி இல்லை. கேன்டீனுடைய அரிசியிலேயே பிறந்து, வெளிச்சத்தைத் தேடிப் பக்கத்துக் கவுண்டருக்குப் பறந்து, தயிர்சாதத்தில் விழுந்தது. பின்கதவை இரும்புப் பூட்டுப் போட்டுப் பூட்டியிருந்தாலும் விழுந்திருக்கும்.

மாற்றுகிற ஒவ்வொரு போர்டையும் போனில் படம் எடுத்து வைப்பேன். ஸ்டோர் ரூம் போர்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு மாசமாக அதே கறுப்புப் புள்ளி, அதே இடுப்பு, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாவற்றையும் என் கையெழுத்தில் 'மற்றவை' கட்டத்தில் எழுதியிருக்கிறேன். நமக்கு வேலை செய்துகொண்டிருந்த பூச்சி, உள்ளே நோய் இருக்கிறது என்று வாராவாரம் என்னிடம் சொல்லியிருக்கிறது.

திங்கட்கிழமை காலையே மேனேஜரிடம் போனேன். ஸ்டோருக்குள் அழைத்துப்போனார். முன்வரிசை மூட்டையெல்லாம் சுத்தம். பின்வரிசையில் ஒன்றைப் பிரித்து முழங்கைவரை கையை விட்டேன். வெளியே எடுத்தபோது கையெல்லாம் வண்டு ஊர்ந்தது. மேனேஜர் கதவைச் சாத்தினார்.

"வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட்டு. வெளிநாட்டு ஆளு வாரான். இப்போ இத எடுத்தீர்னா கேன்டீனே போச்சு. எனக்குக் கீழ நாப்பது பேரு."

"அக்கா பாவம் சார். அவங்க மேல தப்பே இல்ல."

"நான் இல்லங்கல. மூட்டைய இன்னைக்கே மாத்திருதேன். ஆடிட்டு முடியட்டும், வெள்ளிக்கிழமை நீரு புது ரிப்போர்ட் தாரும், திங்கக்கிழமை அந்தம்மா வேலைக்கு வரட்டும். நாலு நாளு பொறுக்க முடியாதா?" அப்புறம் "உம்ம கான்ட்ராக்டும் இதே கேட்டுக்குள்ளதான் வே இருக்கு" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. ஒரே பஸ்ஸில் போகிறவன் இன்னொருவனிடம் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

நாலு நாள்தானே என்று எனக்கும் பட்டது. எண்ணுவதுதான் என் தொழில். அன்றைக்கு நான் நாளை எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை புது ரிப்போர்ட் கொடுத்தேன். மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை வரலாம் என்றார். சனிக்கிழமை காலை லென்ஸும், பஞ்சில் வைத்த குளவியும், ரிப்போர்ட்டின் நகலும் எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனேன். வண்டியில் போகும்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மிஷின் ஊசி ஏறுகிற இடம் கயிறு சுற்றினாற்போலப் புடைத்திருந்தது. "வாங்க பூச்சி சார். உங்களப் பத்தி வூட்ல டெய்லி நியூஸ்" என்றார். அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். லென்ஸைக் கொடுத்தேன். அக்கா கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நாலு கீதே தம்பி."

"ஆமாக்கா. நாலு."

"அப்போ கதவு மூடியிருந்தாலும்?"

"மூடியிருந்தாலும் வந்திருக்கும். அது உள்ள அரிசியில பொறந்தது."

லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே வீட்டுக்காரரிடம் சொன்னார்: "கேட்டுக்கினியா? என்னால இல்லயாம்." அந்தப் பதினோரு நாளாக அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அந்த ஒரு வரியில் தெரிந்தது.

அவரும் வாங்கிப் பார்த்தார். "இது ஆம்பளையா பொம்பளையா சார்?"

"பொம்பளை. வயித்து அடியில ஊசி ஒளிச்சி வெச்சிருக்கும். அதாலதான் அரிசிய துளைக்கும்."

"ஊசியா? எனக்கு ஏத்தறத விட பெருசா?" சிரித்தார். நானும் சிரித்தேன். "திங்கக்கிழமையில இருந்து அக்கா வேலைக்கு வரலாம்" என்று முடித்தேன்.

அவர் சிரிப்போடே திரும்பிச் சுவரில் தொங்கிய தேதி காலண்டரைப் பார்த்தார். பஸ் ஓட்டியவர்களுக்கு நாளும் நேரமும் கணக்குத் தப்பாது. விரலை மடக்கினார். "திங்க, செவ்வா, புதன், வியாழன், வெள்ளி, சனி. ஆறு. சனியோட மாசம் முடியுது." மடக்கிய விரலைப் பிரிக்காமல் அக்காவைப் பார்த்தார். "அஞ்சு நாளு இடிக்குது."

அக்கா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், மெதுவாகத்தான், கேட்டார்: "உனக்கு இது எப்பப்பா தெரிஞ்சிச்சி?"

வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள்.

"ஞாயித்துக்கெழமை" என்றேன்.

அவர் எண்ணினார், நானும் எண்ணினேன், அவர் வீட்டுக்காரரும் எண்ணினார். ஞாயிற்றுக்கிழமை தெரிந்து, திங்கட்கிழமை சொல்லி, செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போயிருந்தால் அந்த வாரம் ஐந்து, அடுத்த வாரம் ஆறு. பதினொன்று. சரியாகப் பதினொன்று.

"திங்கக்கெழம ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார் அக்கா. "நானே கேட்டுல வந்து நின்னுகினு இருந்திருப்பேனே. ஆபீசர் காலுலயாவது உழுந்திருப்பேனே."

ஆடிட் இருந்தது, மேனேஜர் சொன்னார், நாற்பது பேர் பிழைப்பு, எல்லாம் வாயில் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் மூடிக்கொண்டது. அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன். கொல்லையில் பூசணிக்கொடி காய்ந்து கிடந்தது.

அதற்குப்பிறகு செய்ய முடிந்ததெல்லாம் செய்தேன். விட்டுப்போன நாளைப் போட்டுத்தர முடியுமா என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். "வராத நாளுக்கு வருகை போட்டா நான் உள்ள போயிருவேன்" என்றார்; அதுவும் நிஜம்தான். என் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கார்டு ஆபீசுக்கு அக்காவும் நானும் போனோம். அங்கே இருந்தவர் முழுதாகப் படித்தார், அந்தக் குளவிப் படத்தைக்கூட உற்றுப் பார்த்தார். "இதுக்கு எங்கிட்ட கட்டம் இல்லைங்களே" என்றார். எனக்கு அந்த வார்த்தை புதுசு இல்லை.

கேன்டீன் ஸ்டோரை மூடி விஷ மாத்திரை வைத்துப் புகை போட்டோம். அதை நானேதான் செய்தேன். திறந்தபோது தரையில் வண்டும் கிடந்தது, குளவியும் கிடந்தது. விஷத்துக்கு இது உதவி செய்தது, அது கெடுத்தது என்று பார்க்கத் தெரியாது. கூட்டி அள்ளினேன்.

பழைய தவணைக்கான கார்டு டிசம்பர்வரை ஓடியது. ஜனவரி பிறந்ததும் நின்றது. மூன்று மாசம் முன்னாலேயே நாள் குறித்துவைத்த மாதிரி அந்த வீட்டில் எல்லோரும் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு முறை இடம் கிடைத்தது. காத்திருக்கிற கூட்டத்துக்கு அதுவே பெரிது. இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வர வேண்டும். மூன்றாவது முறைக்கு வழியில்லை. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. பங்குனியில் ஒரு காலை, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தபடியே அக்காவின் வீட்டுக்காரர் போய்விட்டார்.

ஐந்து நாளால்தான் போனார் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் வேறு காரணம்தான் எழுதியிருப்பார். நானும் அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு.

சாவுக்குப் போனேன். வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தபோது என் கை தானாக விரிந்தது. அரிசியில் ஓட்டை இருக்கிறதா என்று கட்டைவிரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் "போடுப்பா" என்று மெதுவாகத் தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி சுத்தமாக இருந்தது. போட்டேன்.

அக்கா இன்னும் அதே கேன்டீனில்தான் இருக்கிறார். பின்கதவுக்கு இப்போது ஸ்பிரிங் போட்டாயிற்று, தானாக மூடிக்கொள்ளும். ஆவிக்குள் அவர் முகம் சரியாகத் தெரிவதில்லை. கார்டு மறுபடி உயிர் பெற்றுவிட்டது. நாள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கிறது.

என் ஃபாரத்தில் 'மற்றவை' கட்டத்தை நடுவில் பேனாவால் கோடுபோட்டுப் பிரித்து, ஒரு பாதிக்கு 'நாலு இறக்கை' என்று எழுதிக்கொள்கிறேன். கம்பெனி ஃபாரத்தில் கிறுக்கக்கூடாது என்று இரண்டு முறை மெமோ வந்தது. ஒவ்வொன்றையும் ஊறப்போட்டு, ஊசியால் நீவி, பிரித்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். ஒரு போர்டுக்கு அரை நாள் ஆகிறது. சுற்றி நின்று கேட்கிறவர்களிடம் "பாத்துட்டு சொல்றேன்" என்பதோடு சரி. "இன்னா பூச்சிண்ணா, ரேடியோ ரிப்பேரா?" என்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை டைனிங் ஹாலில் தரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா துடைப்பத்தோடு தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார். லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். இது எத்தனை றெக்கை தம்பி என்று கேட்டால், சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

"சார், கொஞ்சம் கால தூக்கிக்கிறீங்களா" என்றார்.

தூக்கிக்கொண்டேன். துடைத்துவிட்டுப் போனார்.